சாயந்தரம் வரைக்கும் செத்தவர்

முட்டி வலிக்கு ஒரே தைலம் தடவுகிற நம்ம செட்டு ஆட்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். பேரப்பசங்களிடம் சொல்லிப் பார்த்தேன். "தாத்தா, அது எக்கோ" என்று ஒரே ஊதாக ஊதிவிட்டு மறுபடி போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். படித்த பிள்ளைகள். நான் அஞ்சாவது வரைக்கும்தான். ஆனால் அஞ்சாவதை இரண்டு வருஷம் படித்தேன், அதனால் என்னை ஆறாவது பாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணியில் எங்கள் தெருவில் அப்போது எல்லா வீட்டிலும் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, அடியில் இருக்கிற கட்டையை மிதித்துக்கொண்டே பட்டு நெய்வார்கள். எங்கள் நைனா காலையில் குழிக்குள் இறங்கினால் மேலே பாதி ஆள்தான் தெரியும். "ஊர்ல எல்லாரையும் ஒரு தபாதான் பொதைப்பாங்க. நம்மள தெனிக்கும் பாதி பாதியா பொதைக்கிறாங்க" என்பார். வாய் மூடாத மனிதர். எனக்கு அந்த வாய் மட்டும் வந்தது, தொழில் வரவில்லை. நான் ஊடு இழை ஓட்டுகிற நாடாக் கட்டையைத் தள்ளினால் அது இழைக்குள் போகாமல் பக்கத்து வீட்டுக் கோழி மேல் போய் விழும்.

எங்கள் புறக்கடைக்கு வெளியே முள்வேலி. வேலிக்கு அந்தப்புறம் ரைஸ் மில். மில்லுக்கு ஒரு செங்கல் புகைக்கூண்டு இருந்தது. அண்ணாந்து பார்த்தால் அது நம் மேல் சாய்கிற மாதிரியே இருக்கும். பொழுது சாயச் சாய அதன் நிழல் வேலியைத் தாண்டி, எங்கள் துவைக்கிற கல்லைத் தாண்டி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து தறி மேல் படுக்கும். பட்டு இழை மேல் கறுப்பு ஊர்ந்துகொண்டு போகும். அம்மா அந்த நேரத்துக்கு விளக்கை ஏற்றிவிடுவாள். "அது வூட்டுக்குள்ள வர்றப்ப இருட்டா கெடக்கக் கூடாதுடா" என்பாள். எது என்று கேட்டால் தலையில் கொட்டுவாள்.

ஒரு வருஷம் கோடை மழையில் இடி விழுந்து அந்தக் கூண்டின் உச்சி பிளந்துவிட்டது. மில் நின்றது. ஆடி மாசம் அதைச் சரிபண்ண ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தார்கள். தேசூர் பக்கம் என்றார்கள். சாமான் என்று பார்த்தால் கயிறு, கயிறு, இன்னும் கொஞ்சம் கயிறு. ஊரில் அந்த ஆளை 'மேலாள்' என்றே கூப்பிட்டார்கள். குச்சி மாதிரி ஆள். காற்றடித்தால் வேட்டிதான் அவரைக் கட்டிக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும்.

வந்த அன்றைக்கே எங்கள் ஜன்னலில் வந்து நின்றார்.

"அண்ணே, பட்டு நூலு வேஸ்ட்டு எதுனா கீதா?"

"எதுக்குபா? தூக்கு மாட்டிக்கவா?" என்றார் நைனா குழிக்குள் இருந்தபடி.

"இல்லண்ணே. காத்தாடி வுட."

நைனா மிதிப்பதை நிறுத்தினார். அவரே வாயடைத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் சிரித்துக்கொண்டே கழிவு இழையில் அரக்கு நிறமாகப் பார்த்து ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தார். "ஆரணிப் பட்டுல காத்தாடி வுடற மொத மகராசன் நீதான். ஒரு பாதிய நான் வானத்துக்கு அனுப்பறேன், மீதிப் பாதி இங்க குழியிலயே கெடக்கட்டும்."

அது விளையாட்டு இல்லை என்று மறுநாள் தெரிந்தது. ஆடிக் காற்றில் காத்தாடியை ஏற்றி, கூண்டின் உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்கினார். பட்டு இழை உச்சி மேல் கிடந்தது. இழையில் சணலைக் கட்டி இழுத்தார்கள், சணலில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல்லைக் காலால் உதைத்து உதைத்து மேலாள் செங்குத்தாக நடந்தே போனார். நாங்கள் தெருப் பையன்கள் எண்ணிக்கொண்டு நின்றோம். எனக்கு எண்ணத் தெரிந்த வரைக்கும் எண்ணினேன். ஆள் அதற்கு மேலேயும் போய்க்கொண்டிருந்தார்.

உச்சிக்குப் போனதும் உருளை மாட்டி ஒரு பலகையைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்துதான் வேலை. பலகைக் கயிறு ஒன்று, இடுப்பில் கட்டிய கயிறு ஒன்று. இரண்டையும் கீழே மில் கூலிக்காரர்கள் இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். பொண்டாட்டி அடியில் உட்கார்ந்து சுண்ணாம்பு குழைத்து வாளியில் அனுப்புவாள்.

தெருவுக்கு அவளால்தான் தொல்லை வந்தது.

காலையில் குழாயடிக்கு வருவாள். நெற்றி காலி. கை காலி. கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு. தாலியறுத்தவள் மாதிரி. சாயந்தரம் மறுபடி வருவாள். நெற்றி நிறையப் பொட்டு, கை நிறைய வளையல், சிரிப்பு வேறு.

"எந்த ஊரு சாத்தரம்டி இது? காலையில முண்டச்சி, சாயந்தரம் மகராசி."

"அவன் இவ புருசனே கெடையாது. எங்கியோ இருந்து இட்டுகினு வந்துட்டான்."

எங்கள் தறியில் அப்போது ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. நெய்ய உட்காருகிற முன்னால் நைனா கண்ணில் காலி நெற்றி படக் கூடாது என்று அம்மா புறக்கடைக் கதவைச் சாத்தியே வைத்தாள். குழாயடியில் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டாள். "நீ அப்பால வந்து புடி. எங்க வூட்ல கல்யாணப் பொடவ ஓடிகினு கீது." அந்தம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரும் பிடித்து முடிக்கிற வரைக்கும் ஓரமாக நின்றாள்.

நான் வேலியில் நுழைந்து மில்லுக்குப் போனது கொடுக்காப்புளிக்காக. கூண்டின் அடியில் சாம்பல் வாருவதற்கு ஒரு ஓட்டை வாசல் இருக்கும், ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவு. அதற்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். கூண்டு எப்போதும் ஹூம் என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், காலி சோடா பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரி. திடீரென்று அந்த ஓட்டை என்னிடம் பேசியது.

"சுண்ணாம்பு தீந்து பூட்ச்சி."

காதுக்குள் உதடு வைத்துச் சொன்ன மாதிரி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சாம்பலும் இருட்டும். என் நிஜார் நனைந்ததை நான் எழுதப் போவதில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வாளியோடு வந்த அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குனிந்து ஓட்டைக்குள் "மேல, வருது இரு" என்றாள். அவரை அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். மேல. வேறு பேர், முறை ஒன்றும் கிடையாது.

"உள்ள யாரு கீறாங்க?" என்றேன்.

"யாரும் இல்ல. அது உச்சியில இருந்து பேசுது. ஆளு வானத்துல, கொரலு சாம்பல்ல."

எனக்கு நாக்கு அரித்தது. "உங்க வூட்டுக்காரரா அது? அவரு செத்துட்டாரா? பொட்டு இல்லியே உங்களுக்கு?"

அவள் கோபப்படவில்லை. வானத்தைப் பார்த்தாள், வெயிலை அளக்கிற மாதிரி.

"ஆமா," என்றாள். "சாயந்தரம் வரிக்கும்."

அப்புறம் அந்த ஓட்டைக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எமன் நேரா மேல போ மாட்டான்டா. மொதல்ல கீழ வந்து பாப்பான். தாலியும் பொட்டுமா ஒருத்தி நின்னுகினு இருந்தா, ஓகோ, இவ புருசன்தான் மேல கீறான்னு ஏறுவான். என்னப் பாத்தா என்னா நெனப்பான்? இங்க நாம முன்னியே வந்துட்டுப் பூட்டம் போலன்னு திரும்பிடுவான். எங்க மாமியாரும் இப்டித்தான், அவங்க மாமியாரும் இப்டித்தான். எறங்குனா அது புதுசா பொறந்தது. அப்ப அது கையாலயே பொட்டு வெச்சிவுடும்."

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பொட்டே வைக்க மாட்டார்கள். அவர் வீட்டுக்காரர் தினமும் பஸ் ஏறி செய்யாருக்குப் போவார், ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு. ஆபீஸாவது ஒன்றாவது. அங்கே எதன் மேலோ ஏறுகிறார் மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டேன். ரொம்ப நாளைக்கு அவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடி, "அம்மா, மேலாளு செத்துட்டாரு, சாயந்தரம் வரிக்கும்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. "வெளக்கு வெக்கிற நேரத்துல பேசற பேச்சப் பாரு." மீதிக் கதை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நான் எப்போதும் புளுகுகிறவன். அதனால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அம்மா கண்ணாலேயே பார்த்துவிட்டாள். துவைத்த துணியை எடுக்கப் போனவள் வேலிக்கு அந்தப்புறம் பார்த்திருக்கிறாள். மேலாள் இறங்கி, முகம் கழுவி, ஒரு தகர டப்பாவைத் திறந்து பொண்டாட்டியின் நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாளாம். அம்மா துணியை மறந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"கட்டுன பொண்டாட்டிதான்யா அவ. நான் பாவி, கொழாயடியில என்னான்னமோ சொல்லிட்டன்."

"அப்ப காலையில ஏண்டி காலியா கீறா?" என்றார் நைனா.

அம்மாவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். "சுண்ணாம்பு வேல. வேர்வையில அழிஞ்சி அழிஞ்சி பூடும். ஒரு டப்பா குங்குமத்த எத்தினி நாளைக்கு வெச்சிக்குவா, பாவம்."

கல்யாணப் புடவையைத் தறியிலிருந்து இறக்குகிற அன்றைக்கு ஒரு சுமங்கலிக்குப் பொட்டு வைத்துப் பூ கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைக் கட்டப்போகிற பெண் நீடித்து வாழ வேண்டும் என்று. புடவை இறங்கியது ஒரு ஆடி வெள்ளி. மத்தியானச் சோறு இறங்குகிற நேரம். நைனா அடுத்த புடவைக்குக் குழியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டில் குங்குமம், வெற்றிலை, ஒரு முழம் கதம்பம், ஒரு அச்சு வெல்லம் வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கே குடுக்கறன். என் மனசும் ஆறும்" என்று கிளம்பினாள். வெல்லத்துக்காக நானும் பின்னால் போனேன்.

அந்தம்மா ஓட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையும் சுண்ணாம்பாகக் குழைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா இந்தப் பக்கம்?" என்று நிமிர்ந்தாள். "ஒண்ணியும் இல்ல, நீ ஒக்காரு" என்று சொல்லிக்கொண்டே அம்மா குனிந்தாள். அறுந்த பட்டு இழையைக் கண் இமைக்கிற நேரத்தில் முடிகிற கை அது. அவள் சுண்ணாம்புக் கையைத் தூக்குவதற்குள் நெற்றியில் நிலா அளவுக்குக் குங்குமம் உட்கார்ந்துவிட்டது.

"தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்றாள் அம்மா. ஆசையாக, சத்தமாக. அந்த ஓட்டைக்கு நேராக.

கூண்டின் ஹூம் நின்றுபோனது.

காற்று நின்றிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, நின்றிருக்கட்டும். வேலியில் முள்செடி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தம்மா கத்தவில்லை. "இன்னாக்கா பண்ட்ட" என்றாள், மெதுவாக, சோற்றைக் கொட்டிவிட்ட குழந்தையைக் கேட்கிற மாதிரி. திரும்பி ஓட்டைக்குள் தலையை விட்டு "மேல?" என்றாள். பதில் இல்லை. "மேல!" கொஞ்சம் புகைக்கரி பொலபொலவென்று கொட்டியது. அப்புறம் ஒரு செங்கல். அப்புறம் அவருடைய பாக்கு டப்பா.

"பலக காலியா ஆடுதும்மா!" என்று கூலிக்காரர் அலறினார். இடுப்புக் கயிறு மட்டும் விறைப்பாக இருந்தது. அது கூண்டின் வாய்க்குள் போயிருந்தது. உச்சி விளிம்பு பெயர்ந்து மேலாள் உள்ளே விழுந்து, இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அந்தம்மா சாம்பலை அள்ளி நெற்றியில் தேய்த்தாள். சுண்ணாம்புக் கை பட்ட குங்குமம் இன்னும் சிவந்ததே தவிரப் போகவில்லை. "பூட மாட்டுது. அவன் பாத்துட்டான், அவன் பாத்துட்டான்" என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா, "யாருடி? யாரு பாத்தது?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன், அறை வாங்கி நின்றுபோன மீதிக் கதையை, ஒரே மூச்சில். அன்றைக்கு அம்மா என்னை நம்பினாள்.

அம்மா அவளைத் தோளைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். முந்தானையால் தன் நெற்றிப் பொட்டை ஒரே இழுப்பில் அழித்தாள். தாலியை ரவிக்கைக்குள் போட்டாள். வளையலைக் கழற்ற நேரமில்லை, கூண்டு மேலேயே அடித்தாள். கண்ணாடித் துண்டு என் கால் மேல் தெறித்தது. ஓட்டைக்கு எதிரில் காலை அகட்டி நின்றுகொண்டு, குழாயடியில் சண்டை போடுகிற குரலில் சொன்னாள்:

"இங்க தாலியறுத்தவதான் நிக்கிறா. நல்லா பாத்துக்க. பாத்துட்டியா? போ."

நான் அம்மாவின் நெற்றியைப் பார்த்தேன். அந்த இடம் வெளுத்து, வேறு யாரோ ஒருத்தியின் நெற்றி மாதிரி இருந்தது. அந்த ஒருத்திக்குள் போய்விட்ட என் அம்மா இனித் திரும்பி வர மாட்டாளோ என்று பயந்துவிட்டேன்.

அப்புறம் ஹூம் என்று கூண்டு மறுபடி ஊத ஆரம்பித்தது. ஓட்டைக்குள் ஒரு இருமல். "யாரு அது கீழ? புதுக் கொரலா கீது?"

கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவரை உள்பக்கமாகவே இறக்கினார்கள். சாம்பல் வாசலில் முதலில் காலிரண்டும் வந்தன. காலி நெற்றிக்காரியும் சாம்பல் நெற்றிக்காரியும் ஆளுக்கொரு காலாகப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு, கண் மட்டும் வெள்ளை. ஒரு தோள் இறங்கித் தொங்கியது. அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாக்கு டப்பா வந்துச்சா?" என்றார். பொண்டாட்டி மடியிலிருந்து குங்குமத் தகர டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள். அவர் நல்ல கையால் அந்தச் சாம்பல் நெற்றியில் பொட்டு வைத்தார். வைக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் அம்மா கிளம்பினாள்.

வேலி வழியாகக் குறுக்கே வந்திருக்கலாம். அம்மாவுக்கு அது தோன்றவில்லை. காலி நெற்றியோடு, உடைந்த வளையலோடு, ரத்தம் வழிகிற கையோடு தெரு வழியாகவே நடந்தாள். குழாயடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "ஐயோ, பூட்டாரா!" என்று ஒருத்தி குடத்தைப் போட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்குப் பின்னால் பாதித் தெரு மாரடித்துக்கொண்டு வந்தது.

நைனா குழிக்குள் இல்லை. தறிக்குப் பக்கத்தில் தரையில், இரண்டு காலையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகைக்கூண்டின் நிழல் ஜன்னல் வழியாக வந்து குழிக்குள் இறங்கியிருந்தது. வழக்கத்தைவிட சீக்கிரம் வந்துவிட்டதா, எனக்குத்தான் அப்படிப்பட்டதா, இன்றைக்கு வரை தெரியாது.

"குழிக்குள்ள யாரோ காலப் புடிச்சாங்க" என்றார். சிரிக்காமல். "சில்லுனு ஒரு கை. புடிச்சிகினே இருந்துச்சி. அப்பால என்னா நெனச்சிச்சோ, வுட்டுட்ச்சி."

ஒப்பாரி வாசலில் நின்றது. நைனா அப்போதுதான் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். வாசலில் இருந்த கூட்டத்தையும் பார்த்தார். அப்புறம்தான் அவருக்குப் பழைய வாய் திரும்பி வந்தது.

"ஏண்டி, சொல்லாம கொள்ளாம அனுப்பிட்டியே. தெரிஞ்சிருந்தா கஞ்சியாவது குடிச்சிட்டுப் போயிருப்பன்."

எழுந்து போய், சாமி மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்து, அவ்வளவு பேர் எதிரிலும் அம்மாவுக்குப் பொட்டு வைத்தார். அதற்கு முன்னால் அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

மேலாளும் அவளும் மறுநாள் கயிற்றையெல்லாம் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். உச்சி பாதி பூசியபடியே நின்றது. மிச்சத்தை வேறு யாரோ வந்து முடித்தார்கள். பொண்டாட்டி அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். இரண்டு பேரும் வாசலில் கொஞ்ச நேரம் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். காத்தாடியில் விட்ட அரக்குப் பட்டு இழை மட்டும் உச்சியில் மாட்டிக்கொண்டு ரொம்ப நாள் ஆடியது. சாயந்தர வெயிலில் அது மினுங்கினால் நைனா காலைக் குழியிலிருந்து எடுத்துவிடுவார். அந்தக் கை பிடித்த இடது கணுக்கால் அவருக்குச் சில்லென்றே இருக்கும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். எண்ணெய் காய்ச்சி நான் தேய்த்துவிட்டிருக்கிறேன். பானைத் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

நைனா கிழவனாகி, பல் போய், வாய் மட்டும் போகாமல் இருந்து, ஒருநாள் பேச்சுக்கு நடுவிலேயே போய்ச் சேர்ந்தார். பத்தாம் நாள் அம்மாவை உட்கார வைத்துப் பொட்டை அழிக்கப் பெண்கள் கூடினார்கள். அத்தை கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அன்னிக்கே அழிச்சாச்சி. ஒரு புருசனுக்கு எத்தினி தபாடி தாலியறுப்பாங்க?"

"இன்னா அண்ணி பேசற? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்த வேலைய நான் முன்னியே முடிச்சிட்டன். அதுக்கப்பால அவரு இருந்ததெல்லாம் நான் எமன் கிட்ட கேட்டு வாங்கனது. அவரு கையால வெச்ச பொட்டு இது. இது இருக்கும்."

பெரியவர்கள் கத்தினார்கள். என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் கணுக்காலில் எண்ணெய் தேய்த்தவன், என்ன சொல்வேன்? அம்மா கடைசி வரைக்கும் நெற்றி நிறையப் பொட்டோடுதான் குழாயடிக்குப் போனாள். அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பும்போது என் பொண்டாட்டிதான் வைத்துவிட்டாள், பெரிசாக.

இதையெல்லாம் இப்போது ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளாக என் இடது கணுக்கால் சில்லென்று இருக்கிறது. டாக்டர் சர்க்கரை என்கிறார். சர்க்கரையாகத்தான் இருக்கும், படித்தவர். அவர் கொடுத்த மாத்திரையையும் முழுங்குகிறேன். பொண்டாட்டியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். அவள் இத்தனை காலம் என் அம்மாவுக்கு மருமகளாக இருந்தவள். தெரிந்தால், காலையில் நான் கண் விழிக்கும்போது பொட்டை அழித்துவிட்டு வாசலில் காலை அகட்டிக்கொண்டு நின்றாலும் நிற்பாள்.